பஸ் போகும் சாலையில் வீணைப் பதிவு: மைக்கை மாற்றுவதா, அறையை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா?

ஆடுதுறையில் எங்கள் வீடு, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையை ஒட்டியே இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் பஸ் கிளப்பும் காற்று முகத்தில் அடிக்கும். ஏர் ஹாரன் கூடத்துத் தூண் வரை அதிரும். கூப்பிடு தூரத்தில் ரயில் பாதை. கொல்லையைத் தாண்டினால் வயல், வயலில் மோட்டார். இந்த வீட்டில்தான் அக்கா நாற்பது ஆண்டுகளாக வீணை வாசிக்கிறாள்.

சென்ற ஆண்டு அவளுக்கு விரல் மூட்டுகளில் வலி தொடங்கியது. குருவிடம் கேட்ட பாடாந்தரத்தில் (அவர் கற்பித்த வழியில்) ஐம்பது உருப்படிகளையாவது (பாட்டுகளையாவது), கை ஒத்துழைக்கும்போதே பதிந்து வைத்துவிட வேண்டும் என்றாள். தள்ளிப்போட முடியாத வேலை. ஆனால் வீட்டில் ஓயாத இரைச்சல், கையில் அளவான பணம். புது மைக் வாங்கலாம், ஓர் அறையைத் தயார் செய்யலாம், வீணையில், அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப் ஒட்டலாம், நடு இரவில் பதியலாம், மென்பொருளை நம்பலாம், அல்லது வீட்டை விட்டு வேறு இடத்துக்கே போகலாம். எட்டு மாதத்தில் இவை ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டோம். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எல்லா வழிகளையும் ஒரே அளவுகோலால் அளந்தால்தான் ஒப்பிட முடியும். மைக் நிற்கும் இடத்தில் வீணை எவ்வளவு உரக்கக் கேட்கிறது, இரைச்சல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது, இரண்டுக்கும் நடுவே எத்தனை டெசிபெல் இடைவெளி? அந்த இடைவெளியை ஒரு வழி எவ்வளவு கூட்டுகிறது, அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. இதற்குக் கைப்பேசியில் கிடைக்கும் ஒலி அளக்கும் செயலி போதும். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஒரே கைப்பேசியில் இரண்டு வேளைகளில் எடுத்த எண்களின் வித்தியாசத்தை நம்பலாம்.

மைக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் பணத்தைப் போடுவது அதில்தான். விசாரித்தபோது வந்த பதில் ஒன்றே: சத்தமான இடத்துக்கு டைனமிக் என்ற வகை மைக், கண்டென்சர் என்ற நுண்ணிய வகை தெருவில் நடப்பதையெல்லாம் பிடித்துவிடும். இதை நம்பி ஷூர் எஸ்.எம்.57 ஒன்று வாங்கினோம். 1965 முதல் விற்பனையில் இருக்கும் நல்ல மைக் அது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆலோசனையில் ஒரு பிழை இருக்கிறது. டைனமிக் மைக்கின் காது மந்தம் என்பது உண்மை. மந்தமான காதுக்கு பஸ் எந்த அளவு குறைவாகக் கேட்கிறதோ, வீணையும் அதே அளவு குறைவாகத்தான் கேட்கும். இரண்டையும் சேர்த்து உயர்த்தும்போது பழைய இடைவெளியே திரும்பி வந்துவிடும். டைனமிக் மைக் இரைச்சலை ஒதுக்குவதாகத் தோன்றக் காரணம், பாடகர்கள் அதை உதட்டருகே வைத்துப் பாடுகிறார்கள் என்பதுதான். ஒதுக்குவது தூரம்; மைக்கின் வகை அல்ல.

திறந்த வெளியில் ஒலி மூலத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். அறைக்குள்ளும் மைக் வாத்தியத்துக்கு அருகில் இருக்கும் வரை ஏறத்தாழ இதே கணக்கு. இரண்டு முழத்தில் இருந்த மைக்கை ஒரு முழத்துக்குக் கொண்டுவந்தால் 6, ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் 12. சாலைக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் அப்படியே இருப்பதால் பஸ் அணுவளவும் கூடாது. ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் 12 டெசிபெல் இது. வேறு எந்த வழியும் இவ்வளவு மலிவாக இவ்வளவு தரவில்லை.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. வீணையின் நாதம் ஒரு புள்ளியிலிருந்து வருவதில்லை. குடத்தின் பலகை முழுவதும் பேசுகிறது, தண்டியும் (நீண்ட கழுத்தும்) சேர்ந்து பேசுகிறது. சாணுக்கும் உள்ளே மைக்கைக் கொண்டுபோனால் நகம் கம்பியைத் தொடும் ஓசையும், விரல் மெட்டின் (தண்டியின் மேலுள்ள உலோகப் பட்டையின்) மேல் உரசும் ஓசையும் முன்னுக்கு வந்துவிடும். தவிர, ஒரு திசை நோக்கிக் கேட்கும் மைக்குகள் எல்லாம் மிக அருகில் வைத்தால் கீழ் ஸ்வரங்களை மிகைப்படுத்தும். குதிரைக்கும் (கம்பிகளைத் தாங்கும் கட்டைக்கும்) கடைசி மெட்டுக்கும் நடுவே, பலகைக்கு மேலே ஒரு சாணும் நான்கு விரற்கடையும் உயரம் என்பது எங்களுக்கு ஒத்துவந்தது. அக்காவின் வீணைக்கு அது சரி. உங்கள் வீணையை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த உயரத்தில் எஸ்.எம்.57 புது சிக்கல் ஒன்றைக் கொண்டுவந்தது. வீணை மென்மையான வாத்தியம். மந்தமான மைக்கை இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியில்) மிக அதிகமாக உயர்த்த வேண்டியிருந்தது, அதனால் இன்டர்ஃபேஸின் சீறல் உள்ளே வந்தது. அதே இடத்தில் ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 என்ற சிறிய கண்டென்சரை வைத்தபோது பஸ் இரைச்சல் முன்பு இருந்த அளவிலேயே இருந்தது. சீறல் மட்டும் போய்விட்டது. இதன் சொந்த இரைச்சல் 20 டெசிபெல் என்று தயாரிப்பாளர் கொடுக்கிறார். வாய்ப்பிருந்தால் இதைவிடக் குறைந்த எண் உள்ள மைக்கைத் தேடுங்கள். வீணை, குறைந்த குரலில் பாடும் ராகம், தம்புரா ஆகியவற்றுக்கு அருகில் வைத்த கண்டென்சர்தான் என் தேர்வு. உரக்கப் பாடும் குரலுக்கு டைனமிக் போதும்.

மைக்கின் முதுகுப் பக்கத்தைப் பயன்படுத்துவதிலும் நாங்கள் முதலில் தவறினோம். இந்த இரண்டு மைக்குகளும் கார்டியாய்டு வகை. முன்னால் கேட்கும், முதுகில் கேட்காது. ஆகவே முதுகு சாலையை நோக்கி இருக்க வேண்டும், வாசிப்பவர் சாலையைப் பார்த்து உட்கார வேண்டும். நாங்கள் அக்காவைச் சாலைக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தோம். மைக் நேராகச் சாலையைப் பார்த்தது. அறைக்குள் வந்த இரைச்சல் சுவர்களில் மோதி எல்லாத் திசையிலும் சுற்றுவதால், முதுகுப் பக்கத்தால் கிடைக்கும் லாபம் காகிதத்தில் இருப்பது போல் பெரிதல்ல. எல்லாத் திசையிலும் ஒரே சீராக வரும் இரைச்சலில் கார்டியாய்டு ஏறத்தாழ 5 டெசிபெல்லைக் கழிக்கும், இன்னும் குறுகிய திசையில் கேட்கும் ஹைப்பர்கார்டியாய்டு 6. தூரத்தைக் குறைத்துக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் சிறியது. இலவசமாக வருவதை விடுவானேன்.

அடுத்து அறை. டெல்டாவின் பழைய வீடுகளில் வாழ்பவர்களுக்குத் தெரியும்: திண்ணை, ரேழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், பிறகு இரண்டாம் கட்டு, கொல்லை. சுவர் ஒன்றரை அடி தடிமன். அவ்வளவு தடித்த சுவருக்குள் சத்தம் எப்படி வருகிறது என்று நானும் வியந்திருக்கிறேன். சுவர் வழியாக வரவில்லை. முற்றம் வழியாக, ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியாக, கதவின் அடி வழியாக வருகிறது. எவ்வளவு கனமான சுவராக இருந்தாலும் அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. கதவடியில் இரண்டு விரல் இடைவெளியும் ஜன்னல் மேல் காற்றோட்டத் துளையும் இருந்தால் அந்த ஒரு பங்கு வந்துவிட்டது.

ஆகவே பணம் போக வேண்டிய முதல் இடம் இடுக்குகள். கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை, கீழே சாக்குச் சுருள், காற்றுத்துளையில் செங்கல்லும் களிமண்ணும். நாங்கள் இதைக் கடைசியாகச் செய்தோம். அதற்கு முன் ஒரு கடையில், சுவரில் ஒட்டும் கூம்புக் கூம்பான ஃபோம் தாள்களை, ‘ஒட்டினால் வெளிச்சத்தம் உள்ளே வராது’ என்று சொல்லி விற்றார்கள். ஒரு சுவர் முழுவதும் ஒட்டினோம். பஸ் அப்படியே வந்தது. ஃபோம் அறைக்குள் எழும் ஒலியின் எதிரொலியைக் குறைக்கும். அதுவும் மேல் ஸ்வரங்களில் மட்டும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க எடை வேண்டும், ஃபோமுக்கு எடையே இல்லை. முட்டை அட்டைக்கும் இதே நியாயம். தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள்.

உறிஞ்சுவதற்கு வேண்டியது வீட்டிலேயே இருந்தது. இலவம்பஞ்சு மெத்தைகளைப் போல உறிஞ்சும் பொருள் அந்த விலையில் கடையில் கிடையாது. இரண்டு மெத்தைகளை அக்காவின் முதுகுக்குப் பின்னால் மூலையில் கோணமாக நிறுத்தினோம்; தலைக்கு மேல் கயிறு கட்டி ஒரு கனத்த ஜமக்காளம். மெத்தை ஏன் மைக்குக்குப் பின்னால் இல்லை, வாசிப்பவருக்குப் பின்னால்? மைக்கின் முகம் பார்க்கும் சுவர் அதுதான். அங்கிருந்து திரும்புவதைத்தான் மைக் நேராகக் கேட்கும். கோரைப்பாய் பயன்படவில்லை, மெல்லியது. வைக்கோல் கட்டு உண்மையிலேயே நன்றாக உறிஞ்சும், எடையும் உண்டு. ஆனால் தூசியும் பூச்சியும் வரும், மின்கம்பிகள் ஓடும் அறையில் தீப்பிடிக்கும் பயமும் இருக்கிறது. நான் வைக்கவில்லை.

இரண்டாம் கட்டில் ஜன்னல் இல்லாத பழைய நெல் அறை ஒன்று உண்டு. மேலே ஓடு இல்லை, தட்டையான தளக்கூரை. அதை அடைத்தோம், உறிஞ்சவும் செய்தோம். கூடத்தோடு ஒப்பிட்டால் பகல் நேரத்திலேயே செயலியில் 18 டெசிபெல் தாழ்ந்தது. இதற்கு விலை வெப்பம். மின்விசிறி கூடாது, அதன் காற்று மைக்கில் அடிக்கும். சித்திரையில் அந்த அறையில் இருபது நிமிடம் தாங்காது. மனிதரைவிட வீணைக்குத்தான் ஆபத்து: மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, வெப்பத்தில் மெழுகு இளகினால் மெட்டு அசையும், ஸ்தானம் பிசகும். ஒருமுறை அப்படி அசைந்து, தஞ்சாவூருக்கு எடுத்துப் போய் மேளம் கட்டி (மெட்டுகளை மறுபடி பதித்து) வர வேண்டியதாயிற்று. இப்போது கால் மணி நேரம் வாசிப்பு, கால் மணி நேரம் கதவு திறப்பு.

பிக்கப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குதிரைக்கு அருகில் பலகையில் ஒட்டும் பியெஸோ என்ற அதிர்வு உணரும் வில்லை, அறையின் இரைச்சலைக் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. இடைவெளியைக் கூட்டுவதில் எல்லா வழிகளையும் அடித்துவிடும். ஆனால் அது மரத்தின் அதிர்வைக் கேட்கிறதே தவிர, காற்றில் வந்து சேரும் நாதத்தைக் கேட்பதில்லை. ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போலிருக்கும். காந்த வகைப் பிக்கப் எஃகுக் கம்பியில் பேசும். எஃகாலான சாரணி, பஞ்சமம் என்ற முதல் இரண்டு கம்பிகளுக்குச் சரி, பித்தளை, வெண்கலக் கம்பிகளில் குரல் இறங்கிவிடும். கச்சேரி மேடையில் ஒலிபெருக்கிக்கு இவை பயன்படலாம். பாடாந்தரத்தைப் பேணி வைக்கும் பதிவுக்கு இதை மட்டும் நம்ப நான் சம்மதிக்க மாட்டேன். பியெஸோவை இரண்டாவது தடத்தில் சேர்த்துப் பதிந்து வைத்தோம். மைக் தடத்தில் ஹாரன் விழுந்த இடத்தில் சில நொடிகளுக்கு அதைத் தூக்கிக் காப்பாற்ற முடிந்தது. இன்டர்ஃபேஸில் மைக் உள்ளீட்டில் செருகாமல், வாத்திய உள்ளீட்டில் செருகுங்கள். இல்லாவிட்டால் இன்னும் மெலியும்.

நேரம்தான் எங்கள் முடிவைத் திருப்பியது. ஒலி மாசுக் கட்டுப்பாட்டுக்கான 2000ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு சொல்கின்றன. எங்கள் சாலையில் பகல் அந்த வரம்பில் நிற்பதில்லை. ஆனால் இரவு ஒன்றரை மணிக்கும் மூன்றரைக்கும் நடுவே கூடத்திலேயே பகலைவிட 20 டெசிபெல்லுக்கு மேல் இறங்குகிறது. அவ்வப்போது ஒரு லாரி, ஒரு ரயில். நெல் அறையின் அடைப்பு, ஒரு சாண் தூரம், நடு இரவு ஆகிய மூன்றும் சேர்ந்தபோது முதல்முறையாக அக்காவின் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) தேய்ந்து அடங்கும் கடைசி இழை வரை கேட்டது. அன்று இருவரும் பேசாமல் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

டெல்டாவில் இரவு என்றால் எல்லா மாதத்து இரவும் ஒன்றல்ல. புரட்டாசி வாக்கில் குறுவை அறுவடை, தையில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் விடிய விடிய ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மழை விட்டால் தவளை. தவளைக்கூட்டத்தின் ஒலியைத் தடுப்பதைவிட பஸ்ஸைத் தடுப்பது எளிது, ஏனென்றால் பஸ் போய்விடும். மார்கழியில் விடியலுக்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி. ஆடியில் அம்மன் கோயில் விழாக்கள். பங்குனி பிறந்தால் நாலரைக்கே குயில். எங்களுக்கு மாசியும் பங்குனியின் முதல் பாதியும் ஆனியும்தான் வாய்த்தன. நாட்காட்டியில் இவற்றைக் குறித்துக்கொண்டு, மற்ற மாதங்களை சாதகத்துக்கும் ஒத்திகைக்கும் விட்டோம்.

நேரத்தின் விலையை வாசிப்பவர் உடம்பு கொடுக்கிறது. முதல் இரவில் அக்கா, “தம்பி, இந்த நேரத்தில் விரல் பேசவில்லை” என்று வீணையைக் கீழே வைத்துவிட்டாள். அது நியாயம். அதன்பிறகு எட்டு மணிக்கே தூங்கி, ஒரு மணிக்கு எழுந்து, வெந்நீரில் விரலை வைத்திருந்து, அரை மணி அலங்காரமும் ஒரு வர்ணமும் வாசித்த பின்புதான் பதிவு. ஓர் இரவில் இரண்டு உருப்படிக்கு மேல் கேட்பதில்லை. வயதானவர்களையும் உடல்நலம் சரியில்லாதவர்களையும் இதற்கு வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்குப் பகலில் அடைத்த அறையும் பியெஸோத் துணையும் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரைச்சலை அகற்றும் மென்பொருளைக் கடைசியாக வைக்கிறேன். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இலவசமாகவே அந்தக் கருவி இருக்கிறது: வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டினால், அதே இரைச்சலைப் பதிவு முழுவதிலும் குறைக்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் அரை நிமிடம் யாரும் அசையாமல் அறையின் மௌனத்தைப் பதிந்து வையுங்கள். சீறல், தூரத்து மோட்டார், ஃபிரிட்ஜ் முனகல் போன்ற மாறாத ஒலிக்கு இது நன்றாக வேலை செய்கிறது. ஏறி இறங்கும் பஸ்ஸுக்கும் ஹாரனுக்கும் செய்யாது. நான் தொடக்கத்தில் ஆசைப்பட்டு அதிகமாக முறுக்கினேன். வீணையின் நாதம் அடங்கும் வால் பகுதியைத்தான் முதலில் தின்றது. மிச்சமிருந்தது தண்ணீருக்குள் வாசித்தது போன்ற ஓசை. இப்போது 6 டெசிபெல்லுக்கு மேல் கேட்பதில்லை. பஸ் உறுமலுக்காக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவதும் பெண் குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் சரி. வீணையில் அனுமந்தரம் என்ற மிகத் தாழ்ந்த கம்பியின் அடித்தளமும், மிருதங்கத்தில் தொப்பி என்ற தாழ்ந்த ஒலிப் பக்கமும் அதோடு போய்விடும்.

சுருதிப்பெட்டியை அறையில் ஒலிக்க விடாமல், காதை மூடும் ஹெட்போனில் மட்டும் கேட்டு வாசித்தது பெரிய உதவி. ஹாரன் விழுந்தால் அக்கா நிறுத்துவதில்லை. முடித்துவிட்டு அந்த ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) எடுப்பிலிருந்து (பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து) மறுபடி வாசிப்பாள், நான் வெட்டி ஒட்டுவேன். பின்னணியில் சுருதி இருந்திருந்தால் வெட்டு தெரிந்திருக்கும். பிறகு சேர்க்கும் தம்புரா நாதம், எஞ்சிய மெல்லிய இரைச்சலையும் போர்த்திவிடுகிறது.

வீட்டை விட்டு வெளியே போவது? தஞ்சாவூரிலோ திருச்சியிலோ மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒலிப்பதிவுக்கூடம், நான்கைந்து உருப்படி பதிய விரும்புகிறவருக்கு இந்தப் பாடு எல்லாவற்றையும் விடச் சிறந்தது. சந்தேகம் வேண்டாம். ஐம்பது உருப்படிக்கு வாடகை கட்டுபடியாகாது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆலாபனை செய்ய அக்காவால் முடியவில்லை. உட்கிராமத்தில் உறவினர் வீடு இருந்தால் அது நல்ல நடுவழி. கல் மண்டபத்தை மட்டும் தவிருங்கள். கேட்க அழகு, பதிவில் எதிரொலி எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

இத்தனையும் மென்மையான வாத்தியத்துக்குத்தான். நரசிங்கம்பேட்டைப் பக்கத்திலிருந்து தெரிந்த நாயனக்காரர் (நாதஸ்வரம் வாசிப்பவர்) ஒருவர், கோயில் ஊர்வலத்தில் வாசிக்கும் மல்லாரி பதிய வந்தார். இரவு வரச் சொன்னேன். “எனக்கு எதற்குத் தம்பி ராத்திரி? பகலிலேயே ஊதுகிறேன், பஸ் என்ன செய்துவிடும்?” என்றார். அவர் சொன்னதே சரி. கொல்லையில் மாமரத்தடியில், எஸ்.எம்.57ஐ நான்கு முழம் தள்ளி, அணசுக்கு (குழலின் விரிந்த வாய்க்கு) நேராக வைக்காமல் குழலின் நடுப்பகுதியை நோக்கி வைத்தோம். நாதம் துளைகளிலிருந்தும் வருகிறது அல்லவா. இன்டர்ஃபேஸை ஏறக்குறைய அடிமட்டத்தில் வைக்க வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு பஸ் போனதாம். பதிவில் தேடித்தான் கண்டுபிடித்தேன். தவில் சேர்ந்தபோது அதுவும் இல்லை. நாயனமோ தவிலோ பதிய வேண்டியவர், மேலே சொன்ன அறைச் செலவையும் தூக்கத்தையும் மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

வீணைக்கு எங்கள் வரிசை இது: தூரத்தைக் குறைப்பது, இடுக்கை அடைப்பது, மெத்தை, நடு இரவு, அதன் பிறகே கண்டென்சர் மைக்; பியெஸோ துணைக்கு, மென்பொருள் சிட்டிகை அளவு. பணத்தை முதலில் மைக்கில் போட்டதால் ஐந்து மாதம் இழந்தோம். அந்த மாதங்களில் அக்காவின் விரல் நன்றாகவே இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதுவரை இருபத்தேழு உருப்படிகள் முடிந்திருக்கின்றன. பைரவி ராகத்து அட தாள வர்ணம் என்ற நீண்ட உருப்படி பாக்கி இருக்கிறது. அதற்கு லாரி இல்லாத பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் வேண்டும். சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்ததும் உட்காருகிறோம்.